ஓரூர் வாழினும்

2023 நவம்பரில் ‘சேரி மொழி’ பற்றி ஒரு சண்டை நடந்தது நினைவிருக்கும். அரசியலில் இருக்கும் ஒரு நடிகை, தன்னைச் சீண்டியவருக்குப் பதில் எழுதும்போது, உங்களைப் போலச் சேரி மொழி பேச எனக்கு வராது என்ற தொனியில் ஒரு வரி போட்டார். கண்டனம் கிளம்பியதும், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அன்பு என்று பொருள், கிண்டலுக்குத்தான் எழுதினேன் என்றார். பிரெஞ்சு விளக்கத்தை அப்போதே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை உறுத்தியது வேறு ஒரு தரப்பு. தமிழ் படித்தவர்கள், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, அந்த வாரம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து வாழும் இடம் சேரி. சங்க இலக்கியத்தில் சேரி என்றால் தெரு. பிராமணர் தெருவும் சேரிதான். இதில் இழிவு எங்கே இருக்கிறது, வீணாக ஏன் புண்பட வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொல்கிறவர்கள் மேல் எதற்கு எரிச்சல் வருகிறது என்று பிடிபடாமல் ரொம்ப நாள் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பக்கத்துச் சான்றுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பிடித்தவைதான் அவை. தொல்காப்பியச் செய்யுளியலில் ‘புலன்’ என்று ஒரு வனப்பு வருகிறது. ‘சேரிமொழியால் செவ்விதின் கிளந்து, தேர்தல் வேண்டாது குறித்தது தோன்றின்’ அது புலன். நாலு பேர் புழங்கும் பேச்சிலேயே, கேட்டவன் உட்கார்ந்து ஆராய வேண்டிய தேவை இல்லாமல், நினைத்ததை நேராகச் சொல்லிவிடும் செய்யுள். இன்றைக்கு வசவாக வரும் அதே இரண்டு சொல் அங்கே ஒரு செய்யுள் அழகுக்கு இலக்கணமாக இருக்கிறது. குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்றில், தலைவியின் சேரிப் பக்கமே மெல்ல மெல்ல வந்து வந்து நிற்கிறான் ஒருவன்; ‘அரிது வாய்விட்டு இனிய கூறி’ என்கிறார். வாயைத் திறக்கவே அவ்வளவு பாடு, திறந்தால் நல்ல வார்த்தை. இந்தக் காலத்தில் அவன் கையில் ஒரு பைக் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். புறநானூற்றிலும் அதே பரணர் ‘மீன்சீவும் பாண்சேரி’ என்று ஒன்றைக் காட்டுகிறார். பாணர்கள் குடியிருந்து, மீனைச் செதிள் சீவிக்கொண்டிருக்கும் தெரு.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு தங்கிய இடம் புறஞ்சேரி. காதைக்கே ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்றுதான் பேர். அறம்புரி மாந்தர் அன்றி வேறு யாரும் சேராத இடம் அது என்கிறார் இளங்கோ. நகரத்துக்கு வெளியே இருப்பது அங்கே ஒரு குறை இல்லை, துறவிகளுக்கு ஏற்ற அமைதி. (சென்னைக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, அந்த மக்களை நகரத்தின் ஓரத்தில் கொண்டுபோய் அடுக்குமாடிகளில் அடைத்த இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்தவருக்குப் புறஞ்சேரி ஞாபகம் வந்திருக்குமோ என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தோன்றும்.)

தலைவீடு, இரண்டாம் வீடு

எல்லாச் சான்றிலும் எனக்கு அதிகம் பிடித்தது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து, தளிச்சேரிப் பெண்டுகள் என்று அழைக்கப்பட்ட ஆடல் மகளிர் 400 பேரைக் கொண்டுவந்து ராஜராஜன் பெரிய கோயிலை ஒட்டிக் குடியேற்றினான். தளி என்றால் கோயில், சேரி என்றால் தெரு. கல்வெட்டு அந்தப் பெண்கள் ஒவ்வொருவரையும் விலாசத்தோடு எழுதுகிறது. எந்தத் தளிச்சேரி, அதில் தென்சிறகா வடசிறகா, தலைவீடா இரண்டாம் வீடா, அங்கே இருக்கிற நக்கன் (அந்தப் பெண்கள் பேருக்கு முன்னால் வரும் அடைமொழி) இன்னாள், இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள். பிறகு மூன்றாம் வீடு, நான்காம் வீடு என்று கோயில் சுவரில் வரிசை நீள்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்தது. கதவு எண்ணும் சம்பளமும் போட்ட ஆயிரம் வருடத்துப் பதிவேடு. இதைப் படிக்கிற யாருக்கும் ‘சேரி’ என்ற சொல் நெருடாது.

உத்தரமேரூர் இன்னும் கெட்டி. 919, 921 ஆண்டுகளில் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் குடவோலைக் கல்வெட்டுகளை மேடையில் மேற்கோள் காட்டாத அரசியல்வாதி இல்லை. பிராமணர் ஊரான அந்தச் சதுர்வேதிமங்கலம் ‘குடும்பு’ என்ற 30 பகுதிகளாகவும் 12 சேரியாகவும் பிரிந்திருந்தது. வேதம் படித்தவர்கள் வாரியத்துக்கு ஆள் எடுத்ததே அந்தக் குடும்பு, சேரிக் கணக்கை வைத்துத்தான். இன்று அதே ஊருக்குப் போய் அக்ரகாரத்து வாசலில் நின்று ‘இதுதானே சேரி?’ என்று கேட்டுப் பாருங்கள்.

ஊர்ப்பேர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி, வேளச்சேரி, செம்மஞ்சேரி, மலையாளக் கரையில் தலச்சேரி, மட்டாஞ்சேரி. வேளச்சேரியில் கோடி ரூபாய்க்கு வீடு வாங்குகிறவர் பேரைப் பார்த்துப் பின்வாங்குவதில்லை. கன்னடத்தில் இதே சொல் ‘கேரி’ என்று இன்றும் தெருவுக்கு வழங்குகிறது. அங்கேயும் ஹொலெயர் என்ற தலித் மக்களின் ‘ஹொலகேரி’ என்று ஒன்று உண்டு, அது எதைக் குறிக்கும் என்று விளக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

எங்கள் தாலுகாவில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கேதான் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுக்குத் தமிழ் எடுப்பது என் பழக்கம். சொற்பொருள் கேள்விக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று பழைய பாட்டு ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத் தொடங்குவேன். அன்றைக்குக் குறுந்தொகை 231, பாலை பாடிய பெருங்கடுங்கோ.

‘ஓரூர் வாழினும் சேரி வாரார், சேரி வரினும் ஆர முயங்கார்’ என்று தொடங்குகிறது. ஒரே ஊரில்தான் இருக்கிறார், நம் தெருப் பக்கம் வருவதில்லை. தெருவுக்கு வந்தாலும் மனம் நிறையத் தழுவுவதில்லை. யாரோ அயலாருடைய சுடுகாட்டைக் கடந்து போவது மாதிரி, பார்த்தும் பார்க்காமல் போகிறார். ‘ஏதிலாளர் சுடலை போல’ என்ற அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவேன். நம்முடைய ஆள் யாரையும் எரிக்காத சுடுகாட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டோம். இத்தனை வருடம் கூட இருந்த பெண்ணை அப்படிக் கடந்துபோகிறான். பாட்டு பரத்தையிடம் போய்வந்த கணவனைப் பற்றியது, மனைவி தோழியிடம் சொல்கிறாள்.

‘சேரி வாரார்’ என்று படித்தபோதே பின் பெஞ்சில் ஒரு பையன் சிரித்துவிட்டான். பெரிய கேலி ஒன்றும் இல்லை, அந்தச் சொல் காதில் விழுந்தால் வரும் பழக்கச் சிரிப்பு. நான் திரும்பி, சேரி = தெரு என்று எழுதினேன். முன்வரிசையில் ஒரு பெண் அதை நோட்டில் இறக்கிக்கொண்டே கேட்டாள்.

“சேரின்னா தெரு சார். சரி. ஊருன்னா?”

“ஊருன்னா ஊர்தாம்மா.”

“இல்ல சார், ‘ஓரூர்’னு போட்டிருக்கே. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டே சேரிக்கு வரலன்னா, அப்ப சேரி ஊருக்குள்ளதான இருக்கணும்? எங்க பக்கம் ஊர் வேற, சேரி வேற. எங்கம்மா கள வெட்டக் கிளம்பும்போது ‘ஊருக்குப் போயிட்டு வரேன்’னுதான் சொல்லும். ரோட்டத் தாண்டுனா ஊரு.”

கோபமாகக் கேட்கவில்லை. குறைப்பட்டும் கேட்கவில்லை. விடைத்தாளில் எந்த வட்டத்தைக் கருப்பாக்குவது என்று கேட்கிற குரல் அது. சிரித்த பையனும் அவளும் ஒரே ஊராட்சி, ஒரே அஞ்சல் எண், ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள். அவன் நிறுத்தத்துக்கு ஊர்ப் பேர், அவள் நிறுத்தத்துக்குக் காலனி. பாட்டில் ‘ஊர்’ என்றால் எல்லாத் தெருவும் சேர்ந்தது, அதில் சேரியும் அடக்கம் என்றேன். “அதான் சார் கேட்டேன்” என்று எழுதிக்கொண்டாள். வகுப்பு அடுத்த பாட்டுக்குப் போனது.

சுருங்கியது எது

பல மாதம் பிடிபடாத என் எரிச்சலுக்குக் காரணம் அவள் கேள்வியில் இருந்தது. சேரி என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நடுநாட்டிலும் தொண்டைநாட்டிலும் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும், அதிகம் மாறிய சொல் ஊர்தான். பெருங்கடுங்கோவின் ஊருக்குள் சேரிகள் இருந்தன. எங்கள் பகுதியில் ஊர் என்பது, சேரி தொடங்கும் இடத்தில் முடிந்துவிடுகிறது. ‘ஊர்க்காரங்க வராங்க’, ‘ஊருக்குள்ள சொல்லிட்டியா’, ‘ஊர்ப் பசங்களோட தகராறு’: இந்தப் பேச்சில் வரும் ஊர் வரைபடத்தில் இருக்கும் ஊர் இல்லை. ஊராட்சியின் ஒரு பாதி முழு ஊரின் பேரை எடுத்துக்கொண்டது. மிச்சப் பாதிக்கு ஊர் என்பது நடந்து போய்ச்சேர வேண்டிய இடமாகிவிட்டது.

இது வெள்ளைக்காரன் காலத்தில் வந்ததும் இல்லை. தளிச்சேரிப் பெண்டுகளின் பேர் இருக்கிற அதே பெரிய கோயிலில், கோயிலுக்கு நெல் கொடுக்க வேண்டிய கிராமங்களின் கணக்கும் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கிராமத்திலும் வரி விழாத நிலத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி போடுகிறார்கள். கழிக்கும் பட்டியல் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே பாட்டாக வருகிறது: ஊர்நத்தமும், ஸ்ரீகோயில்களும், குளங்களும், ஊடறுத்துப் போன வாய்க்கால்களும், பறைச்சேரியும், கம்மாணச்சேரியும், சுடுகாடும். சில ஊரில் கள் இறக்குகிறவர்களின் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல்லும் அந்தக் கணக்குகளில் உண்டு. ஊர்நத்தம் ஒரு பதிவு, பறைச்சேரி வேறொரு பதிவு; நடுவில் கோயில், குளம், வாய்க்கால். வரிக்கணக்கை வைத்து அந்தக் கால வாழ்க்கையை முழுக்கச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் கணக்கு எழுதியவனுக்கு ஊரார் குடியிருக்கும் நத்தமும் பறையர் குடியிருக்கும் நிலமும் ஒரே தலைப்பில் சேரவில்லை என்பது கல்லிலேயே இருக்கிறது.

ஒரே அரசன், ஒரே சுவர், ஒரே சொல். தளிச்சேரி கோயிலை ஒட்டி இருக்கிறது, பறைச்சேரி ஊர்நத்தத்துக்கு வெளியே இருக்கிறது. இழிவு சொல்லில் இருந்திருந்தால் இரண்டிலும் ஒட்டியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றுவது இதுதான். மற்றச் சேரிகள் ஒவ்வொன்றாக வேறு பேருக்குக் குடிபோயின. பிராமணச் சேரிகள் அக்ரகாரம் ஆயின, கோயிலைச் சுற்றியவை சன்னதித் தெரு, மடவிளாகம் ஆயின, கம்மாணச்சேரி ஆசாரித் தெரு ஆயிற்று. எழுந்து போகிற வசதி இல்லாதவர்களோடு சொல் தங்கிவிட்டது. இந்தச் சொல்தான் தங்கியாக வேண்டும் என்றும் இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் நந்தனாரின் ஆதனூரைச் சொல்லும்போது, ஊருக்குப் புறம்பே வயலை ஒட்டி, சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைக் குடிசைகள் நிறைந்த அந்த இடத்தைப் ‘புலைப்பாடி’ என்கிறார். சேரி என்று சொல்லவில்லை. பாடி எப்படியோ தப்பித்துக்கொண்டது. கண்ணனின் ஆயர்பாடியும் நம் வாணியம்பாடியும் குறிஞ்சிப்பாடியும் யாரையும் நெளியவைப்பதில்லை.

நகரத்தில் சேரிக்கு இரண்டாவது பொருள் ஒன்று ஏறியிருக்கிறது. தாராவியைப் பற்றி எழுதுகிற எந்தப் பத்திரிகையும் ‘ஆசியாவின் மிகப் பெரிய சேரி’ என்ற அடைமொழி இல்லாமல் எழுதாது. அது ஏழ்மையைக் குறிக்கும் சேரி, தகரக் கூரை போய்க் கான்கிரீட் வந்தால் பேர் மாற வாய்ப்பு உண்டு. கிராமத்துச் சேரி அப்படி இல்லை. மூன்று மாடி கட்டி, டைல்ஸ் ஒட்டி, வாசலில் கார் நின்றாலும் அது சேரிதான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இடிந்து கிடக்கும் ஓட்டு வீடு ஊர்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘இப்பல்லாம் யார் சார் ஜாதி பாக்குறாங்க, அது ஏழைங்க இருக்கிற இடம்னு அர்த்தம்’ என்று பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காலனி

பேரை மாற்றிப் பார்த்த கதையும் இருக்கிறது. அரசு தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்த இடங்களுக்குக் காலனி என்று பேர் வந்தது. சென்னையில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் கௌரவம். திண்டிவனம் தாண்டினால் காலனி என்பதற்கு ஒரே பொருள். சேரி என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள் காலனி என்றார்கள், கொஞ்ச நாளில் காலனியையும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் வசைச்சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நான் அதை வரவேற்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை முகவரி எழுதும்போதே ஜாதிச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுக்கிற நிலை ஒழிய வேண்டும். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியமும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது.

ஆனால் நகர் என்று மாற்றினால் மட்டும் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. எந்த மாவட்டத்து டவுன் பஸ்ஸிலும் ஏறி ‘அம்பேத்கர் நகர் ஒண்ணு’ என்று டிக்கெட் கேளுங்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் உங்களை ஒருமுறை பார்த்திருப்பார். அரசியல் சட்டம் எழுதியவரின் பேரே அங்கே ஜாதி அடையாளமாகப் படிக்கப்படுகிறது. புதுப் பேர் வைத்துக்கொண்டே போகலாம், ஊர் பின்னாலேயே வந்து அதையும் பிடித்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளில் எழுத வந்த தலித் எழுத்தாளர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். சேரி என்ற சொல்லை அவர்கள் மறைக்கவில்லை, என் சேரி என்று எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அடிபட்ட சொல்லை, அடியோடு சேர்த்து. ‘தெரு’ என்ற சங்ககாலப் பொருளைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்தவில்லை. நம் சொல்லாராய்ச்சி நண்பர்கள் செய்தது நேர் எதிர். உன் சொல் நல்ல சொல்தான், நீ ஏன் வருத்தப்படுகிறாய் என்று சேரிக்காரரிடம் போய்ச் சொன்னார்கள். ஊர்க்காரரிடம் போய், உன் சொல் ஏன் இவ்வளவு சின்னதாகிவிட்டது என்று யாரும் கேட்கவில்லை. நானும் ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் அந்தக் கேள்வி என் வாசலுக்குத்தான் முதலில் வர வேண்டும்.

அதைக் கேட்க நல்ல இடம் ஊர்வரி நோட்டு. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதிக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடுவார்கள். வரி கொடுத்தவன் ஊர். அவன் வாசலுக்குச் சாமி வரும், நின்று தீபாராதனை வாங்கும். கொடுக்க வசதி இருந்தும் யாரிடம் வரி கேட்பதில்லையோ அவர் ஊர் இல்லை. வரி வாங்கிவிட்டால் சாமி அந்தத் தெருவுக்குப் போக வேண்டும், அதனால்தான் கேட்பதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே மேல்பாதி என்ற கிராமத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023-ல் சீல் வைக்கிற அளவுக்குப் போனது இந்த விவகாரம்தான், யார் உள்ளே வரலாம் என்பது.

இப்போது எங்கள் ஊரில் நோட்டு வைத்திருப்பது என் அக்கா மகன். படித்தவன், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். போன திருவிழாவுக்கு என் பங்கைக் கொடுக்கும்போது எத்தனை தலைக்கட்டு என்று கேட்டேன். சொன்னான். வாக்காளர் பட்டியலை வைத்துப் பார்த்தால் அது பாதிதான் வரும்.

“மிச்சப் பேருப்பா?”

“அது காலனி மாமா. அவங்களுக்குத்தான் தனியா மாரியம்மன் கோயில் இருக்கே.”

“நோட்டு மேல என்ன எழுதியிருக்க?”

“ஊர்ப்பொதுன்னு. எப்பவும் அப்படித்தான மாமா எழுதுவாங்க.”

காலனி என்று இனிமேல் சொல்லக் கூடாதாம், அரசே சொல்லிவிட்டது என்றேன். “அப்ப நகர்னு எழுதிக்கலாம்” என்று சிரித்தான். வரியை அங்கேயும் கேட்கலாமே, கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நீங்க டவுன்ல இருக்கீங்க மாமா, நான்தான் இங்க இருக்கணும் என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். பங்குனியில் வரிக் கூட்டம் இருக்கிறது, நேரில் வந்து நீங்களே எழுந்து பேசுங்கள், நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று பதில் போட்டிருக்கிறான்.